ரயில்வண்டிக் கக்கூஸ்

ராஜீய விவகாரங்களுக்கென்று அமைந்த இப்பக்கத்தில் ரயில்வண்டிக் கக்கூஸைப் பற்றி எழுதப் புகுவது சில நண்பர்களுக்கு அருவருப்பாகத் தோன்றக்கூடும். காந்தியடிகளுக்கு அது அருவருப்பாகத் தோன்றவில்லை. 1901-இல் கல்கத்தா காங்கிரஸுக்குச் சென்றபோது, அங்கே கக்கூஸ்கள் கிடந்த நிலையைக் கண்டு தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்தவர் அவர். 1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்துவிட்டு, 22 பேருக்கென்று ஏற்பட்ட பெட்டியில் 35 பேருக்கு மேல் அடைபட்டதையும், வழிநெடுகக் கக்கூஸ் ஒரு முறையேனும் சுத்தம் செய்யப்படாததையும், தொட்டியில் ஜலமே இல்லாததையும் விவரமாக எழுதி வெளியிட்டார்.

நமது தர்மபுரி ஜில்லாவுக்கு ரயிலைப் பற்றி வேறொரு ஞாபகமும் உண்டு. பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி காலமான சுப்பிரமணிய சிவா, சிறைவாசத்தில் குஷ்டரோகத்துக்கு ஆளானவர். அந்த நோயைக் காரணம் காட்டி, அவர் ரயிலேறக் கூடாதென்று அன்னிய சர்க்கார் தடை விதித்தது. புண்பட்ட தேகத்தோடு ஊர் ஊராக நடந்தே அவர் தேசசேவை செய்தார். அசுத்தத்துக்கு அஞ்சி ஒரு தேசபக்தரை வண்டியிலிருந்து விலக்கி வைத்த அதே ரயில்வே, வண்டிக்குள் சேர்ந்த அசுத்தத்தையெல்லாம் ஊரூராகத் தண்டவாளத்தில் கொட்டிக்கொண்டே சென்றது!

அன்னியர் போன பிறகும் அந்த வழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. மலஜலம் விழுந்து தண்டவாளமும் அதன் பிணைப்புகளும் துருப்பிடித்து அரிக்கின்றன என்பது நிபுணர் கண்ட உண்மை. ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் கமிட்டியும் 2012-இல் இவ்வழக்கத்தை ஒழிக்கும்படி சிபாரிசு செய்தது. இரும்பு அரிப்பதாவது சகித்துக்கொள்ளக் கூடியது. மனிதன் மலத்தை மனிதன் அள்ளும் கொடுமையை எவ்விதம் சகிப்பது? அதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு சட்டமும் செய்தார்கள். 2014 மார்ச்சில் நம் ஈரோட்டுப் பக்கத்தவரான பிரதம நீதிபதி சதாசிவம் தலைமையில் சுப்ரீம் கோர்ட்டு, தண்டவாளங்களில் இத்தொழிலை ஒழிக்கக் காலவரையறை வகுக்குமாறு ரயில்வேக்கு உத்தரவிட்டது. சட்டமும் தீர்ப்பும் வந்துவிட்டன. ஆனால் வண்டியின் அடியில் திறந்திருந்த துவாரத்தைச் சட்டம் அடைக்குமா? அதற்கு யந்திரம் வேண்டும்.

அந்த யந்திரத்தை நம்மவரே செய்தார்கள் என்பது பெருமைக்குரிய விஷயம். பனிமலையில் காவல் புரியும் சிப்பாய்களின் மலத்தை அகற்ற குவாலியரிலுள்ள ராணுவ ஆராய்ச்சிச் சாலையார் கண்டுபிடித்த முறை இது. பெட்டியின் அடியில் எஃகுத் தொட்டி ஒன்று. உள்ளே தடுப்புச் சுவர்கள். காற்றில்லாமல் ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியிருந்து, மேலிருந்து வருவதைத் தின்று வாயுவாகவும் ஜலமாகவும் மாற்றிவிடுகின்றன. மிஞ்சும் ஜலம் குளோரின் பட்டு வெளியே சொட்டுகிறது. 2011-இல் குவாலியர்-காசி வண்டியில் முதலில் பொருத்தப்பட்ட இத்தொட்டிகள், பிறகு இரண்டரை லட்சத்துக்கு மேல் பெருகின. 2016 ஜூலையில் மானாமதுரை-ராமேசுவரம் பாதையே தேசத்தில் மலம் விழாத முதல் பாதையென்று அறிவிக்கப்பட்டது.

தொட்டி வந்ததும் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை. 2017-இல் வெளிவந்த மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை, பரிசோதித்த 25,080 கக்கூஸ்களில் ஒரே வருஷத்தில் 1,99,689 கோளாறுகளைக் கணக்கிட்டது. அவற்றுள் அடைப்பே தலையாயது. பீங்கானுக்குக் கீழே துர்நாற்றம் மேலே வராதபடி ஜலம் தேங்கி நிற்கும் வளைந்த குழாய் ஒன்று உண்டு. தண்ணீர்ப் பாட்டிலும், பான்மசாலா உறையும், துணியும், குழந்தைக்குக் கட்டிய அணையாடையும் போய்ச் சிக்குவது அங்கேதான். ஒருவர் போட்ட பாட்டிலால் பெட்டி முழுவதும் பெங்களூர் வரை மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான். இன்னொரு தவறு, துர்நாற்றம் போகட்டும் என்று பினாயிலையும் திராவகத்தையும் தாராளமாக ஊற்றுவது. அது தொட்டியிலுள்ள நுண்ணுயிர்களை மாய்த்துவிடுகிறது. அதன்பின் அந்த எஃகுப் பெட்டி வெறும் மலக்குழிதான். அப்போது புதிய நுண்ணுயிர்க் கரைசலை விட்டு மறுபடி உயிரூட்ட வேண்டும். வெளிவரும் ஜலத்தை அவ்வப்போது பரீட்சை செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் தொட்டியை மாட்டிவிட்டதோடு கணக்கை முடித்துவிட்டால் என்ன பயன்? தொட்டியில் தேங்குவது சரிவரச் சுத்தியாகவில்லை என்று சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர் எழுப்பிய ஆட்சேபத்துக்கும் ரயில்வே அதிகாரிகள் கோபித்துக்கொள்ளாமல் சோதனையினாலேயே பதில் சொல்ல வேண்டும்.

கப்பற்காரர்களுக்கு இந்தப் பாடம் நெடுநாளாகத் தெரியும். படகிலும் கப்பலிலும் கக்கூஸ் என்றால் பம்பும் வால்வும் சேர்ந்த யந்திரம். கடல்ஜலத்தை உள்ளே இழுத்து, கழிவைத் தொட்டிக்குத் தள்ளும். வால்வின் ரப்பர் இற்றுப்போனால் கழிவு திரும்பி மேலே வரும். கடல்ஜலத்தின் உப்பு குழாயில் படிந்தால் வழி சுருங்கும். நடுக்கடலில் தோட்டியைக் கூப்பிட முடியாதாகையால், மாலுமிகள் உதிரிப்பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு தாமே பிரித்துச் சீர்செய்கிறார்கள். பெருங்கப்பல்களுக்குச் சர்வதேச விதியும் இருக்கிறது: சுத்தி செய்யாத மலத்தைக் கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டித்தான் விடலாம். 2003-இல் அமுலுக்கு வந்த விதி இது. வ.உ.சி. சுதேசிக் கப்பல் ஓட்டிய தேசத்தில், கப்பற்காரரின் இந்த ஒழுங்கு ரயிலுக்கும் வருவதில் என்ன கஷ்டம்?

மேலே "தோட்டி" என்று நம் பேனாவும் எழுதிவிட்டது. பழைய வழக்கம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அடைப்பை எடுப்பது யார் என்ற கேள்வியைக் கேட்டால், விடை பெரும்பாலும் ஒரு ஜாதியின் பெயராகவே வருகிறது. உறிஞ்சும் யந்திரமும் நீண்ட கருவியும் கொடுக்காத இடத்தில், வளைகுழாய்க்குள் போவது ஒரு மனிதனின் கைதான். தொட்டியை அமைத்தது மலத்தை மனிதன் தொடாதிருக்க. அடைப்பை எடுக்க அவனையே அனுப்பினால் 1993-க்கு முன்பு நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

ஆகவே ரயில்வே அதிகாரிகளிடம் நாம் கேட்பது இவ்வளவே. துப்புரவுக் காண்டிராக்டு விடும்போது, கருவியும் கையுறையும் இன்னின்ன என்று ஷரத்திலேயே எழுதுக. ஒவ்வொரு பணிமனையிலும் எத்தனை தொட்டிகள் அடைபட்டன, எத்தனைக்குப் புது நுண்ணுயிர் விடப்பட்டது என்பதை மாதந்தோறும் வெளியிடுக. தர்மபுரி வழியாகச் செல்லும் வண்டிகளில் பெங்களூர்ப் பணிமனைகளின் பராமரிப்பில் இருப்பவையும் உண்டு. முதற் கணக்கு அங்கிருந்தே வரட்டும்.