மூக்கைச் சீராக்குவது பாவமா?

சேதராப்பட்டில் ஓர் இல்லத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்ததும் அவ்வீட்டு மகள் முகத்தை மறைத்திருந்த துப்பட்டாவை விலக்கினாள். திருமணத்திற்குமுன் மூக்கை எடுப்பாக்க விரும்பி, அழகு நிலையம் ஒன்றில் ஊசி வழியே மருந்து ஏற்றிக்கொண்டாளாம். மருந்து இரத்தக் குழாயை அடைக்க, நுனித்தோல் கறுத்து அழிந்து வடுவாகிவிட்டது. "சாமி, இதைச் சரிசெய்ய அறுவை செய்துகொண்டால் பாவமா? இது கடவுள் தந்த தண்டனை என்கிறார் அம்மா" என்றாள்.

பிறவிக் குருடனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று வினவிய சீடருக்கு ஆண்டவர் அளித்த மறுமொழியை அத்தாய்க்கு நினைவூட்டினோம்.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், 1958 அக்டோபர் 4-ஆம் நாள், தாம் மரிப்பதற்கு ஐந்து நாட்களுக்குமுன், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவரிடையே இதைக் குறித்தே உரையாற்றினார். உடலழகு நன்மையே, ஆயினும் தலையாய நன்மை அன்று. நோக்கம் நேரியதாகி, உடல்நலத்திற்குப் பெருந்தீங்கு நேராது, தக்க காரணமும் இருப்பின் அறுவை முறையானதே என்பது அவ்வுரையின் சாரம். அழிந்ததைச் சீராக்குவதற்கு இதினும் தக்க காரணம் வேறென்ன?

இக்கலையோ நம் நாட்டது. 1792-இல் மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கறுபட்டான் கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரன். அவனுக்குப் பின்னர் புனே அருகே செங்கல் அறுக்கும் குலத்தார் ஒருவர் புது மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டால் அளவெடுத்து, அவ்வளவில் நெற்றித்தோலைக் கீறி, புருவ நடுவே ஒட்டு விடாமல் திருப்பித் தைத்தார். 1794-இல் லண்டன் இதழொன்றில் இச்செய்தி வெளிவந்தது. அதைக் கற்று 1814-இல் அங்கே முதன்முதல் செய்தவர் கார்ப்யூ. கத்தோலிக்கர், இளமையில் குருத்துவத்திற்கென்று எண்ணப்பட்டவர். அவரிடம் முதலில் வந்த படை அதிகாரி மூக்கை இழந்தது வாளால் அன்று. ஈரல் நோய்க்கு உட்கொண்ட பாதரச மருந்தால்! மருந்தே மூக்கைக் கெடுத்த கதை இன்றையது மட்டுமன்று.

ஊசி போட்டவுடன் தோல் வெளுத்துக் கடும் வலி எடுத்தால், அந்நாழிகையே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஏற்றிய மருந்து கரையும் வகையாயின் உடனே கரைக்க வழியுண்டு. இப்பெண்ணோ, "சரியாகிவிடும்" என்ற சொல்லை நம்பி நான்கு நாள் வீட்டிலிருந்தாள்.

இனி அவசரம் கூடாதென்றோம். பொதுமருத்துவமனையின் ஒட்டறுவைப் பிரிவுக்கு அனுப்பினோம். வடு முதிர்ந்து அடங்க ஏறத்தாழ ஓராண்டு செல்லும், பின் காதுக் குருத்தெலும்பு எடுத்து நுனியை அமைக்கலாம் என்றார் மருத்துவர். திருமணம் வரும் தை மாதமே நடைபெற வேண்டுமென மணமகன் வலியுறுத்துகிறான். மூக்குக்காகக் காத்திருக்க அவனுக்கு விருப்பமில்லையாம். ஓலை வாசிக்கும்படி நம்மிடம் கேட்டிருக்கிறார்கள்.