புயலும் கடலேற்றமும்: 1953ஆம் ஆண்டு வடகடற் பெருவெள்ளம்

2004ஆம் ஆண்டிற்குப் பின்னர்த் தமிழில், கடல் கரைதாண்டி ஊருக்குள் புகுந்த நிகழ்ச்சிகள் பலவும் 'சுனாமி' அல்லது 'ஆழிப்பேரலை' என்னும் சொற்களுக்குள் அடங்கிவிட்டன. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த பேரிடரையும் மாணவர் சிலர் சுனாமி என்றே எழுதுகின்றனர். அது சுனாமி அன்று. புயலால் உயர்ந்த கடல். இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. 1953ஆம் ஆண்டு ஐரோப்பாவின் வடகடற் கரைகளைத் தாக்கிய குளிர்காலப் புயலைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. புயலோ மணிக்கணக்காக வீசி நீரைக் கரையை நோக்கித் தள்ளுவது. புயல் மையத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் கடல்மட்டம் சிறிது உயரும். ஆயினும் ஆழம் குறைந்த கடல்களில் பெரும்பங்கு காற்றினுடையதே. கரையில் நிற்பவருக்குத் தனியோர் அலை வருவதாகத் தோன்றாது. கடலின் மட்டமே உயர, வழக்கமான அலைகள் அவ்வுயரத்திலிருந்து வந்து மோதும். இதனை இங்குக் 'கடலேற்றம்' எனக் குறிக்கிறோம். 'ஓதம்' என்னும் பழஞ்சொல்லைக் கொண்டு ஒரு தொடர் அமைக்கலாம். ஆனால் இன்றைய மாணவருக்கு ஓதம் என்றதும் சுவரில் ஊறும் ஈரந்தான் நினைவிற்கு வருகிறது.

வடகடல் வடக்கே அகன்றும் தெற்கே குறுகியும் புனல் வடிவில் அமைந்தது. தெற்கே செல்லச்செல்ல ஆழமும் குறையும். 1953 ஜனவரி 31ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடக்கே சுற்றி வந்த புயல் இக்கடலுக்குள் நுழைந்து தென்கிழக்காக நகர்ந்தது. அதன் பின்னே வீசிய கடும் வடகாற்று நீரைத் தெற்கே திரட்டியது. முழுநிலவு கழிந்து ஓரிரு நாளே ஆகியிருந்தமையால் இயல்பான கடற்பெருக்கும் உச்சத்தில் இருந்தது. இரண்டும் கூடிய அவ்விரவில், நெதர்லாந்தின் விலிசிங்கன் துறைமுகத்தில் நீர் வழக்கமான அளவுகோட்டிற்கு 4.55 மீட்டர் மேலே நின்றது.

இங்கிலாந்தில் நேர்ந்ததுதான் பெரிதும் சிந்திக்கத்தக்கது. கடலேற்றம் கிழக்குக் கரை வழியே வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்தது. லிங்கன்ஷயர் கரையை அது இரவு 7 மணியளவில் உடைத்தது. தேம்ஸ் முகத்துவாரத்திலுள்ள கேன்வி தீவை அடைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. இடையில் பல மணி நேரம் இருந்தும், வடக்கில் நிகழ்ந்ததைத் தெற்கிற்கு அறிவிக்கும் முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. கேன்வி மக்கள் உறக்கத்திலேயே நீரிற் சிக்கினர்; அத்தீவில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கிலாந்தின் கரையில் இறந்தோர் 307 பேர்.

நெதர்லாந்தில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வானிலை நிறுவனம் ஆபத்தான நீர்மட்டம் குறித்துச் சனிக்கிழமை மாலையே அறிவித்தது. ஆனால் வார இறுதி ஆகையால் அலுவலகங்களில் ஆளில்லை. வானொலியும் வழக்கம்போல் நள்ளிரவில் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. கரைகள் தாழ்வாக இருப்பதைப் பொறியாளர் யோகான் பான் வேன் முன்னரே சுட்டிக்காட்டியிருந்தார். போரும் அதன்பின் வந்த மீட்டெடுப்புப் பணிகளும் அக்கவலையைப் பின்னுக்குத் தள்ளின. விடியற்காலையில் கரைகள் பல இடங்களில் உடைந்தன. ஞாயிறு பிற்பகலில் மீண்டும் கடல் பெருகியபோது, கூரைகளின்மேல் காத்திருந்தவர்களின் வீடுகள் சரிந்தன. மாண்டோர் 1,836 பேர்.

இவ்வழிவிலிருந்து எழுந்தவையே டெல்டா கட்டுமானங்கள். ஊஸ்டர்ஸ்கெல்டே கழிமுகத்தை முற்றாக அடைத்துவிடுவதே முதற்றிட்டம். சிப்பி வளர்ப்போரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர். அதன் பயனாக, புயற்காலத்தில் மட்டும் மூடப்படும் 62 மதகுகளைக் கொண்ட தடுப்பு 1986இல் திறக்கப்பட்டது. உவர்நீர் இன்றும் உள்ளே சென்று மீள்கிறது. 2013 டிசம்பரில் வடகடலில் எழுந்த புயலின்போது, இங்கிலாந்துக் கரையின் சில இடங்களில் நீர் 1953ஆம் ஆண்டினும் உயர்ந்தது. மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தனர்.

அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் பிலிப்பீன்சின் தக்லோபான் நகரை ஹையான் சூறாவளி தாக்கியது. அங்கு எச்சரிக்கை உரிய காலத்திலேயே விடுக்கப்பட்டது. ஆனால் அதில் கடலேற்றத்தைக் குறித்த ஆங்கிலத் தொடர் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று உயிர்பிழைத்தோர் கூறினர். அத்தொடரை உள்ளூர் மொழிகளில் எவ்வாறு சொல்வது என்பது அதன்பின் அந்நாட்டில் விவாதப் பொருளாயிற்று. தமிழில் நாளிதழ்கள் 'கடல் சீற்றம்' என எழுதுகின்றன. அலை முரட்டுத்தனமாக மோதுவதையும், கடலே இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்து தெருவிற்குள் வருவதையும் அவ்வொரு தொடரே குறிக்கிறது. முன்னதற்குப் படகை மேடேற்றினால் போதும். பின்னதற்கு வீட்டைவிட்டே வெளியேற வேண்டும்.