வெள்ளோட்டம் பார்ப்போம், விழிப்புடன்!



புதுத்தேர் செய்தவர்கள் திருவிழாவுக்கு முன்பே அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். நம் திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியும் சாவியைத் திருப்பிப் பார்க்காமல் பூட்டைக் கடைக்கு அனுப்பமாட்டார். கைப்பேசிச் செயலிகளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. அதனைப் 'பீட்டா' என்பர். சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனம் தன் 'அரட்டை' செயலியை 2021 ஜனவரியில் சோதனைக்காகவே முதலில் வெளியிட்டது.

பீட்டாவில் குறைகள் இருக்கும். அவற்றைக் கண்டு சொல்லவே நம்மை அழைக்கிறார்கள். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசி. அப்பாவின் பூ வியாபாரக் கணக்கு முழுவதும் அதில்தான். புதுமை ஆசையால், அவருடைய கணக்குச் செயலியின் வெள்ளோட்டத்தில் சேர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு வாரக் கணக்கு மறைந்தது. அப்பா கோபிக்கவில்லை. நிலக்கோட்டைப் பக்கம் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொருவரிடமும் கேட்டு மீண்டும் எழுதினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே தோழியரே, இவற்றை மனத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, கைப்பேசிக்கு உரியவரிடம் அனுமதி கேளுங்கள். வங்கிக் கணக்கும் பிழைப்பும் அடங்கிய கைப்பேசியில் சோதனை வேண்டாம். பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் அதுவே போதும்.

இரண்டாவது, படங்களையும் கணக்குகளையும் முன்னதாகவே வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, முன்வாசல் வழியே செல்லுங்கள். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர், ஆப்பிளில் டெஸ்ட்ஃபிளைட். டெஸ்ட்ஃபிளைட்டில் ஒரு சோதனைப் பதிப்பு 90 நாட்கள்தாம் இயங்கும். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகள் வெள்ளோட்டம் அல்ல, கொல்லைப்புறத் திருட்டு. ஓ.டி.பி. எண்ணையே படித்துப் பணத்தைச் சுருட்டிவிடும். ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நான்காவது, பிழை கண்டால் என்ன செய்தபோது, எந்தக் கைப்பேசியில், என்ன நேர்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். விலக விரும்பினால் சோதனையிலிருந்து வெளியேறி, செயலியை நீக்கிவிட்டு, வழக்கமான பதிப்பை மீண்டும் நிறுவுங்கள்.

நானும் அந்தப் பிழையை எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் திருத்தியிருந்தார்கள். இனி வேறொரு வீட்டில் கணக்கு மறையாது என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி. ஆனால் அப்பா இப்போது நோட்டிலும் எழுதுகிறார். அந்த நோட்டுக்குக் கோடு போட்டுத் தருவது என் வேலை!