தூம்பும் கலிங்கும்

சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடிவரும் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் ஒருபோக நெல்லாவது வீடு வந்து சேரும். அதற்காகச் சரிவின் குறுக்கே மண்கரை எழுப்பி உருவாக்கியவை கண்மாய்கள். அவற்றின் நுட்பம் இரண்டு இடங்களில் இருக்கிறது: வயலுக்குத் தண்ணீர் விடும் தூம்பு, மிச்சத்தை வெளியேற்றும் கலிங்கு.

பழைய கண்மாய்களில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் நீரோடித் துளை. கீழே, தரையை ஒட்டிச் சேறோடித் துளைகள். மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் சுரங்க வழியாக வாய்க்காலை அடையும். அந்த ஓட்டத்தின் இழுப்பில் கீழ்த்துளைகள் வழியே வண்டலும் கூடவே வெளியேறும். தூம்படியில் மண் சேராது; வயலுக்கு உரமும் கிடைக்கும்.

வந்த தண்ணீரை வயல் வயலாகப் பங்கிட்டுப் பாய்ச்சுபவர் நீர்பாய்ச்சி. பல ஊர்களில் ஆயக்கட்டில் (கண்மாய்ப் பாசனப் பரப்பில்) நிலமில்லாத தலித் குடும்பங்களே தலைமுறையாக இதைச் செய்தன. கூலி, அறுவடை நெல். ஊரின் விளைச்சலையே காத்தவர்களுக்கு அந்த மண்ணில் பங்கில்லை என்பதையும் கண்மாயின் பெருமையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கலிங்கு, கல்லால் கட்டிய தாழ்வான சுவர். கண்மாய் நிறைந்ததும் தண்ணீர் அதன்மேல் வழிந்து மறுகால் பாய்ந்து, அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். சுவர் ஒரு சாண் உயர்ந்தால் மேற்புறத்து நிலம் மூழ்கும், கீழூர்க்காரர் காத்திருக்க வேண்டும். ஒரு சாண் தாழ்ந்தால் சொந்த ஊர்ப் பயிர் காயும். எல்லாத் தரப்பும் ஒப்பி நிற்கும் அளவுதான் கலிங்கின் உயரம்.

இந்த ஒப்புதலைக் காக்க அமைப்பு தேவை என்பது நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 921-லேயே ஏரி வாரியத்துக்கு 6 உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்க விதி வகுத்தது.

இன்று பல இடங்களில் கண்மாய்ப் பராமரிப்பு பொக்லைன் வைத்து மண் அள்ளுவதோடு நின்றுவிடுகிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றுவதும், கலிங்கின் அளவைக் காப்பதும், நீர்பாய்ச்சியை நியமித்து முறையான சம்பளம் கொடுப்பதும் அதே திட்டத்தில் இடம்பெற வேண்டும். ஆழப்படுத்தினால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடாது.