திறந்து கிடந்த கார் ஏசி

விபத்தில் முகப்பு நசுங்கிய கார்கள் டிங்கரிங் பட்டறையில் மாதக்கணக்கில் நிற்பது புதிதல்ல. காப்பீட்டுப் பணம் வர வேண்டும், உதிரிபாகம் வர வேண்டும். அதுவரை ஏசி கண்டென்சர் கழற்றப்பட்டு ஓரமாகக் கிடக்கும். கழற்றிய குழாய்களின் வாயைப் பெரும்பாலும் யாரும் அடைத்து வைப்பதில்லை. பெயின்ட் வேலை முடிந்ததும் புதுக் கண்டென்சரை மாட்டி, அவசரமாகக் கேஸ் அடித்து வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். கொஞ்ச நாள் குளிரும். பிறகு விட்டுவிட்டுக் குளிரும். கடைசியில் கம்ப்ரஸரே போய்விட்டது என்பார்கள். கேஸ் போதவில்லை என்றுதான் கார்க்காரர் நினைப்பார். உண்மையில் கோளாறு, அந்த மாதங்களில் குழாய்க்குள் புகுந்த காற்றும் ஈரமும்.

கார் ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரஸர் வாயுவை அழுத்திச் சூடாக்கும். கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகும். எக்ஸ்பேன்ஷன் வால்வின் நுண்துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென விழ, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் வாயு இது. ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12-ஐ 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை ஓரங்கட்டியபின் அதன் இடத்துக்கு வந்தது. வாயுவோடு சேர்ந்து ஆயிலும் சுற்றி வரும். கம்ப்ரஸரின் உராயும் பாகங்களைக் காப்பது அந்த ஆயில்தான்.

இந்தச் சுற்றில் காற்று புகுந்தால் அது கண்டென்சரில் திரவமாகாது. வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் திணறும். ஈரம் செய்யும் கெடுதல் இன்னும் பெரியது. எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளையில் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். சிறிது நேரம் குளிர்ந்து, திடீரென நின்று, வண்டியை நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிர்கிறது என்றால் இந்தப் பனிக்கட்டியைச் சந்தேகிக்கலாம். வெப்பத்தில் நீரும் ஆயிலும் வாயுவும் சேர்ந்து அமிலம் உண்டாகி, அலுமினியக் காயிலை உள்ளிருந்தே அரிக்கும். ஆர்-134ஏ வண்டிகளில் வழக்கமாக ஊற்றும் பிஏஜி ஆயிலோ, மழைக்காலத்து உப்பைப் போல, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

இந்த ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் சுற்றில் டிரையர் இருக்கிறது. உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள். ஆனால் மூடிய சுற்றில் தப்பித் தவறி இருக்கும் சில துளிகளுக்குத்தான் அவற்றின் கொள்ளளவு போதும். குழாய் திறந்தே கிடந்தால் சீக்கிரமே நிறைந்துவிடும். அதன்பின் டிரையர் இருந்தும் இல்லாததுதான். ஆகவே நாள்கணக்கில் திறந்து கிடந்த ஏசியில் டிரையரை மாற்றியே ஆக வேண்டும். பல புதிய வண்டிகளில் அது கண்டென்சரோடு சேர்ந்தே வருகிறது.

சீரமைப்பு பழைய ஆயிலைப் பார்ப்பதில் தொடங்க வேண்டும். தெளிவாக இருந்தால் நல்லது. கறுத்தோ, உலோகத் துகள் மினுங்கியோ இருந்தால் கம்ப்ரஸர் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்போது குழாய்களையும் காயிலையும் ஃப்ளஷ் செய்து கழுவ வேண்டும். இன்றைய கண்டென்சர்களின் நுண்குழாய்களில் சிக்கிய துகள் கழுவினாலும் முழுதாகப் போகாது. அதை மாற்றுவதே வழி. பழைய ஆயிலை வடித்துவிட்டு, அந்தக் கம்ப்ரஸருக்கு உரிய ஆயிலை அளந்து ஊற்ற வேண்டும். இணைப்புகளின் ஓ-ரிங்குகளை ஆயில் தடவிப் புதிதாகப் போட வேண்டும். புது டிரையரின் மூடியை எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் திறப்பது முக்கியம். முதலிலேயே திறந்து வைத்தால் அதுவும் ஈரம் குடித்துவிடும்.

அடுத்தது லீக் சோதனை. உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது நல்ல முறை. டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றினால் ஈரமும் கூடவே போகும். ஆக்சிஜனை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

பிறகுதான் வேக்குவம். காற்றை வெளியேற்றுவதோடு நீரையும் கொதிக்க வைத்து ஆவியாக இழுப்பது இதன் வேலை. சாதாரணக் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். அழுத்தம் 32 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னை வெயிலில் இது எளிது. ஊட்டிக் குளிரில் வண்டி 10 டிகிரியில் நின்றால் 9 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். சாதாரணக் கேஜில் 30 மில்லிமீட்டருக்கும் 5 மில்லிமீட்டருக்கும் முள்ளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கவனமான மெக்கானிக்குகள் மைக்ரான் கேஜ் மாட்டி 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் வரை இறக்குகிறார்கள். திறந்து கிடந்த வண்டிக்குப் பத்து நிமிட வேக்குவம் போதாது. குறைந்தது முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். பம்பை நிறுத்தியபின் அழுத்தம் ஏறாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆயில் குடித்துவிட்ட ஈரத்தை வேக்குவத்தால் முழுதாக எடுக்க முடியாது. ஆயிலை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கேஸ் அடிப்பது கடைசி வேலை. எந்த வாயு, எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். தராசில் வைத்து அதே வாயுவை அதே அளவு ஏற்ற வேண்டும். மிகுந்தாலும் குளிர்ச்சி குறையும். மலிவென்று எல்பிஜி வகை வாயுவை ஏற்ற விடாதீர்கள். கூலிங் காயிலில் லீக் ஆனால் அது காருக்குள்ளேயே வரும், தீப்பிடிக்கும்.

ஏசி பாகத்தைக் கழற்றும்போது குழாய் வாய்களை உடனே மூடிபோட்டு அடைக்கச் சொல்லுங்கள். வண்டி திரும்பும் நாளில் டிரையரும் ஆயிலும் மாற்றப்பட்டனவா, எவ்வளவு நேரம் வேக்குவம் போட்டார்கள், எத்தனை கிராம் கேஸ் ஏற்றினார்கள் என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். டிரையருக்கும் ஆயிலுக்கும் ஆகும் செலவு, புதுக் கம்ப்ரஸர் விலையில் ஒரு சிறு பங்குதான்.