மூக்குப்பொடி விதையும் அம்மாவின் கஷாயமும்

கோத்தகிரிக்கு மாற்றலாகி வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு பொட்டலம் நீட்டினார். ''பூ விதை சார். மேலாகத் தூவி விடுங்க. மண்ணைப் போட்டு மூடிடாதீங்க, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்.''

பிரித்தால்... மூக்குப்பொடி! அவ்வளவு சன்னம்.

பெயர் ஃபாக்ஸ்குளோவ். ஐரோப்பாச் செடி. குளிர் பிடித்துப் போய், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. சமவெளி வெயில் ஆகாது. மதுரைக்காரர்கள் மன்னிக்க!

முதல் வருஷம் வெறும் இலைதான். தரையோடு தரையாக, மெத்தென்று, பார்க்கக் கீரை மாதிரி. ''நீங்க வளர்த்தா பூக்குமாக்கும்!'' என்றாள் மனைவி. கௌரவப் பிரச்னை. ''இது யார் தெரியுமா? அப்பா சாப்பிடற இருதய மாத்திரைக்குப் பூர்வீகமே இதான்!'' என்று அளந்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இலை! ''மாத்திரையை விடப் பச்சையாக் குடுத்தா உடம்புக்கு நல்லதுதானேடா?''

பாத்திரத்தோடு சாக்கடையில் கொட்டினேன். கை நடுங்கியது.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். ''மாத்திரையில இருக்கிறது கால் மில்லிகிராம். அதுக்கே உங்கப்பாவுக்கு சனி, ஞாயிறு லீவு விட்டிருக்கேன். இலையில எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூடினா வாந்தி, பார்வை மஞ்சளாகும், நாடி தாறுமாறாகும். உயிரே போயிடும்யா!''

அம்மாவையும் குறை சொல்வதற்கில்லை. 1775-ல் இங்கிலாந்தில் ஒரு கிழவி, உடம்பு வீக்கத்துக்கு இருபது மூலிகை போட்டு ரகசியக் கஷாயம் கொடுத்தாளாம். அதில் வேலை செய்வது இந்த இலைதான் என்று கண்டுபிடித்தார் வில்லியம் விதரிங் என்ற டாக்டர். பத்து வருஷம் நோயாளிகளைக் கவனித்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று 1785-ல் புத்தகமே போட்டார். 1930-ல் இதன் பங்காளிச் செடி ஒன்றிலிருந்து டிகாக்சின் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். கஷாயம் மாத்திரையாக நூற்றைம்பது வருஷம். அம்மா ஒரே காலையில் அதைத் திரும்பக் கஷாயமாக்கப் பார்த்தாள்!

செடியைச் சுற்றி வேலி போட்டேன். குழந்தை இருக்கிற வீட்டில் வளர்க்கவே வேண்டாம். இலை, பூ, விதை எல்லாமே விஷம்.

இரண்டாம் வருஷம் கிளம்பியது பாருங்கள் தண்டு, என் தோள் உயரத்துக்கு! வரிசையாக ஊதா மணிகள், உள்ளே புள்ளி புள்ளியாக. விதை உதிர்ந்ததும் செடி போய்விடும். ஆயுசு அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. அப்பாவுக்கு மாத்திரை லீவு. வேலிக்கு வெளியே நாற்காலி போட்டுப் பூ பார்க்கிறார். அதற்கு லீவு கிடையாது.