எம்சிபி வயரைக் காப்பாத்தும், உங்களை எது காப்பாத்தும்?

இந்த எபிசோட்ல நம்ம வீட்டு மெயின் போர்டைத்தான் திறந்து பார்க்கப் போறோம். நிறைய பேர் என்கிட்ட கேட்கிற கேள்வி இது: "எங்க வீட்டுல எம்சிபி இருக்கே, அப்புறம் எப்படி ஷாக் அடிக்கும்?"

பதில் ஒரு சின்னக் கணக்குல இருக்கு. வீட்டுக்கு வர்ற மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோட, வெறுங்காலோட நிக்கிற ஒருத்தரோட உடம்புத் தடையைத் தோராயமா 1000 ஓம்னு வெச்சுக்கலாம். வகுத்துப் பார்த்தா 230 மில்லி ஆம்பியர் வரும். 10 மில்லி ஆம்பியர் பக்கம் போனாலே தசை இறுகி, பிடிச்சதை விட முடியாம போகலாம். 30-ஐத் தாண்டி நீடிச்சா இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

ஆனா கீசருக்குப் போட்டிருக்கிற எம்சிபி 16 ஆம்பியர், அதாவது 16,000 மில்லி ஆம்பியர். உங்க உடம்பு வழியா போற 230, அதுக்கு ஒரு டேபிள் ஃபேன் ஓடுற மாதிரிதான் தெரியும். அது விழவே விழாது. எம்சிபி மேல தப்பில்லை. வயர் சூடாகித் தீப்பிடிக்காம பார்த்துக்கிறதுதான் அதோட வேலை.

மனுசனைப் பார்த்துக்கிறது ஆர்சிசிபி. பழக்கத்துல பலரும் ஈஎல்சிபின்னு சொல்லுவாங்க. ஃபேஸ்ல போன கரண்ட் முழுசும் நியூட்ரல்ல திரும்பி வருதான்னு அது கணக்குப் பார்த்துக்கிட்டே இருக்கும். குறைஞ்சா, எங்கயோ பூமிக்கு இறங்குதுன்னு அர்த்தம். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிஞ்சா 0.3 நொடிக்குள்ள சப்ளையை வெட்டிடும்.

எங்க ஊரு கொடுமுடி. தெற்கே வர்ற காவிரி கிழக்கே திரும்புற இடம். ஆத்தோர மண்ணுல ஈரம் அதிகம், மின்சாரம் இறங்க அது நல்ல பாதை. அங்க அப்பா, அம்மா இருக்கிற பழைய வீட்டுல ஆர்சிசிபி மாட்டினோம். தண்ணி மோட்டார் போட்டதும் பட்டுனு விழுந்துச்சு. "இது சரிப்படாது கண்ணு, கழட்டிரச் சொல்லு"ன்னாங்க அம்மா. எலக்ட்ரீசியன் அண்ணன் சிரிச்சாரு: "இது சரியாத்தானுங்க இருக்குது. மோட்டார்லதானுங்க லீக்." பிரிச்சுப் பார்த்தா காயில்ல ஈரம். அந்த மோட்டாரைத்தான் அம்மா தினமும் ஈரக் கையோட தொட்டுக்கிட்டு இருந்தாங்க.

அதனால ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தா அதைக் கழட்டாதீங்க, லீக்கைத் தேடுங்க.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல நின்னு ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரலைத் தொட்டா, போன கரண்ட் அப்படியே திரும்பி வரும். ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது. அதனால எந்த வேலைன்னாலும் மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான்.

எர்த்தும் சரியா இருக்கணும். எர்த் இருந்தா, கசிவு வந்த உடனே, நீங்க தொடுறதுக்கு முன்னாடியே ஆர்சிசிபி விழும். மூணு பின் பிளக்ல பெரிய பின் நீளமா இருக்கிறது, எர்த் முதல்ல சேரணும்னுதான். அதை ஒடிச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகாதீங்க. எர்த் இல்லைன்னு அந்த ஓட்டையை நியூட்ரலோட சேர்த்துவிடுறது அதைவிட ஆபத்து. நியூட்ரல் எங்கயாவது விட்டுப்போனா, கிரைண்டர் பாடியிலேயே 230 வோல்ட் நிக்கும்.

யாருக்காவது ஷாக் அடிச்சா ஆளைத் தொடாதீங்க. முதல்ல மெயின் ஆஃப், அப்புறம் 108. ரோட்டுல கம்பி அறுந்து கிடந்தா கிட்ட போகாம, மின்வாரியத்தோட மின்னகம் எண் 94987 94987-க்குக் கூப்பிடுங்க.

இன்னிக்கே ஒரு வேலை. உங்க போர்டுல "டெஸ்ட்"னு, இல்ல "டி"னு ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா அழுத்துங்க, உடனே விழணும். விழலைன்னாலோ, பட்டனே இல்லைன்னாலோ எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. மாசம் ஒரு தடவை இதைச் செய்யுங்க. ஊர்ல அம்மா, அப்பா வீட்டுக்குப் போனா அங்கயும் அழுத்திப் பாருங்க.